வார்டு ஓட்டு: எங்கள் ஜெராக்ஸ் கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பான், வாக்காளர் பட்டியல் விண்ணப்பம் எல்லாம் இங்கேயே போட்டுக் கொடுப்பதால், தேர்தல் பேச்சு எழுந்தாலே ஆட்கள் முதலில் வந்து கேட்பது என்னிடம்தான். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் பத்துத் தடவை பதில் சொல்லித் தொண்டை வற்றியதால் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன், அந்த நோட்டுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"அக்கா, இப்பத்தானுங்களே ஓட்டுப் போட்டோம்? மறுபடியும் எதுக்குங்க?"

எம்எல்ஏ, எம்பி தேர்தல் வேறு, இது வேறு. அவற்றை நடத்துவது டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாவற்றுக்கும் தேர்தல் நடத்துவது சென்னையில் இருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையம். அலுவலகம் வேறு, விதியும் கொஞ்சம் வேறு. பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

நகர்ப்புறத்துக்குக் கடைசியாக ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19, எண்ணியது 22. கவுன்சிலர்கள் மார்ச் 2 பதவியேற்றார்கள். ஐந்து வருடக் கணக்குப் போட்டால் 2027 மார்ச் தொடக்கத்தில் அவர்கள் காலம் முடிகிறது. தேதியை ஆணையம் அறிவிக்கும்போதுதான் நம்ப வேண்டும், வாட்ஸ்அப்பில் வருவதை அல்ல.

"எங்கூடு கோயமுத்தூர்ல தானுங்க, ஆனா போஸ்ட்டரெல்லாம் பிரசிடெண்டுன்னு ஒட்டியிருக்குது. நாங்க மாநகராட்சியா, ஊராட்சியா?"

இதைக் கேட்டவர் மகள் வீடு சின்னியம்பாளையத்தில். விலாசத்தில் கோயமுத்தூர் என்றுதான் இருக்கும், விமான நிலையம் கூப்பிடு தூரம், ஆனால் சூலூர் ஒன்றியத்து ஊராட்சியாகவே இருந்து வந்த ஊர் அது. பின்கோடை வைத்தோ பஸ் போர்டை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், வரி யாருக்குக் கட்டுகிறீர்களோ அவர்கள்தான் உங்கள் உள்ளாட்சி. எல்லையும் நிரந்தரம் இல்லை. எங்கள் 15 வேலம்பாளையமே தனி நகராட்சியாக இருந்து 2011-ல்தான் திருப்பூர் மாநகராட்சியில் சேர்ந்தது. அதனால் பழைய ரசீது உதவாது, கடைசியாகக் கட்டிய ரசீதாக இருக்கட்டும்.

ஊராட்சியாக இருந்தால் உங்களுக்கு நாலு ஓட்டு, மெஷின் இல்லை, சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நம் பக்கத்து ஊராட்சிகளுக்குக் கடைசியாக 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது, அவர்கள் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. இதற்குக் கீழே நான் எழுதியிருப்பது பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்காரர்களுக்கு.

"போன தடவை ஓட்டுப் போட்டனுங்க. பேரு இருக்கத்தானே இருக்கும்?"

இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கென்று யாரும் தனியாக வீடு வீடாக வந்து பேர் எழுதுவதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வாங்கி, அதை வார்டு வார்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதில் பேர் போயிருந்தால் இதிலும் இல்லை. 2025 நவம்பரில் ஆரம்பித்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 வெளியான வரைவுப் பட்டியலில் மட்டும் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். வேலைக்காக வீடு மாற்றிக்கொண்டே இருக்கும் திருப்பூர், கோவை மாதிரி ஊரில் அதற்கு எவ்வளவு பேர் சிக்கியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் அட்டை எண்ணை வைத்து இணையத்தில் தேடினால் ஒரு நிமிட வேலை. 1950-க்கு போன் போட்டும் கேட்கலாம். உங்கள் பகுதி பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சராகவோ பள்ளிக்கூட ஆசிரியராகவோ இருப்பார், நேரிலும் கேட்கலாம்.

"கார்டு கையில இருக்குதுங்க, பேரு லிஸ்ட்டுல இல்லைங்கறாங்க. கார்டைக் காட்டுனா உடமாட்டாங்களா?"

விடமாட்டார்கள். கார்டு நீங்கள் யார் என்று சொல்கிறது. ஓட்டு இருக்கிறதா என்று சொல்வது பட்டியல்தான். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதிக் குரல் போயிற்று. 2022-ல் ஒரு பெரியவர், லேமினேட் செய்த கார்டைத் தோளில் கிடந்த துண்டு நுனியில் முடிந்து கொண்டு போனவர், ஒரு மணி நேரத்தில் அதே முடிச்சோடு கடைக்குத் திரும்பி வந்தார். அன்றைக்கு வந்து என்ன செய்ய.

பேர் இல்லையென்றால் படிவம் 6 போட வேண்டும். விலாசம் மாற்ற, எழுத்துப் பிழை திருத்த, தொலைந்த கார்டுக்கு மாற்று வாங்க எல்லாவற்றுக்கும் படிவம் 8 ஒன்றே போதும். இதையெல்லாம் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அறிவிப்பு வந்த வாரம் என் கடை வாசலில் வரிசை நிற்கும், சர்வரும் நிற்கும்.

"எனக்கு ஊரு தேனிப் பக்கம்க்கா. பத்து வருசமா இங்க பனியன் கம்பெனியில டைலரு. ஓட்டு எங்க வெச்சுக்கறது?"

குடியிருக்கிற இடத்தில்தான். சொந்த ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று வைத்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பத்தில் பொய் எழுதினால் ஒரு வருடம் வரை ஜெயில் என்று சட்டம் இருக்கிறது. ஊரில் இருக்கும் ஓட்டை இங்கே மாற்றப் படிவம் 8. புதிதாகப் படிவம் 6 போட்டால்தான் இரட்டைப் பதிவு ஆகும்.

ஆதாரில் தேனி விலாசமே இருந்தால் கேஸ் பில், கரண்ட் பில், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், இவற்றில் எதையாவது காட்டலாம். "வாடகைக்கு இருக்கறவங்க ஓட்டு எழுதினா வீடு அவங்களுக்குச் சொந்தமாயிரும்" என்று ஒரு பயம் வீட்டுக்காரர்களுக்கு உண்டு. ஆகாதுங்க. வாக்காளர் பட்டியலுக்கும் பத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எங்கே வைத்துக்கொள்வது என்பது அவரவர் மனசு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது, சாக்கடையை யார் அள்ளுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே இருக்கும் வார்டு விஷயம். லைன் வீட்டில் முந்நூறு பேர் குடியிருந்து முப்பது ஓட்டு மட்டும் இருந்தால் அந்தச் சந்துக்கு எந்தக் கவுன்சிலரும் வர மாட்டார்.

"கண்ணாலமாகி கோபியிலிருந்து இங்க வந்துட்டனுங்க. பேரு இன்னும் அப்பாரு ஊட்டுலதான் இருக்குது."

மேலே தேனிக்காரருக்குச் சொன்ன அதே படிவம் 8. விலாசச் சான்று உங்கள் பேரிலேயே இருந்தால் வேலை சுலபம். தலைக்கட்டு யாரோ அவர் பேரில் மட்டும் எல்லாம் இருக்கும் வீட்டில், மருமகள் பேரில் ஒரு பேங்க் பாஸ்புக்காவது வேண்டும் என்பதை இந்தச் சாக்கிலாவது செய்துவிடுங்கள்.

"எம்எல்ஏ எலெக்சனுக்குப் போன ஸ்கூலுக்கே போனாப் போதுமுங்களா?"

போதாது. 2022-ல் நானே ஏமாந்தேன். சட்டமன்றத் தேர்தலுக்குப் போட்ட பள்ளிக்கூடத்துக்கே போய், முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, மேசைக்குப் போனதும்தான் "உங்க பூத்து இது இல்லீங்க" என்றார்கள். பட்டியலை வார்டு வாரியாகப் பிரிப்பதால் பூத்தும் மாறும், பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறும். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள் தன் பூத் சிலிப்பைப் படிக்கவில்லை.

இன்னொன்று, உள்ளாட்சியில் சில இடங்களில் ஆண்களுக்கு ஒரு பூத், பெண்களுக்கு ஒரு பூத் என்று தனித்தனியாக இருக்கும். வீட்டுக்காரர் பேர் ஓரிடத்தில், உங்கள் பேர் வேறொரு இடத்தில் என்றால் தப்பு நடந்துவிட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

"ரேசன் கார்டு கொண்டுட்டுப் போனா ஆகுமுங்களா?"

ஆகாது. வாக்காளர் அட்டை இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ உள்ள பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், போட்டோ உள்ள ஓய்வூதிய ஆவணம், இப்படி ஏதாவது ஒன்று. ரேஷன் அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பும் அடையாளச் சான்று கிடையாது, அது உங்கள் வரிசை எண்ணைத் தேடும் வேலையை மிச்சப்படுத்தும் துண்டுச் சீட்டு. செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் வாசலில் யாரிடம் கொடுப்பது என்று முழிக்க வேண்டி வரும்.

"கவுன்சிலருக்கு ஒண்ணு, மேயருக்கு ஒண்ணு, ரெண்டு அமுத்தோணுமுங்களே?"

ஒன்றுதான். 2011-ல் ஓட்டுப் போட்டவர்களுக்கு இரண்டு போட்ட ஞாபகம் இருக்கும், அது சரிதான், அப்போது மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த விஷயத்தில் சட்டம் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. 1996, 2001-ல் நேரடி, 2006-ல் மறைமுகம், 2011-ல் மறுபடி நேரடி, அப்புறம் தேர்தலே நடக்காத இடைவெளியில் இரண்டு மூன்று தடவை மாற்றி, 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தில் மறைமுகத்துக்கே வந்து நின்றது.

அதனால் நீங்கள் உங்கள் வார்டுக் கவுன்சிலருக்கு மட்டும் போடுகிறீர்கள். திருப்பூர், ஈரோடு, சேலத்தில் 60 வார்டு, கோவையில் 100. ஜெயித்து வந்தவர்கள் கூடித் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2022-ல் அது மார்ச் 4 நடந்தது. என்னைக் கேட்டால் நேரடியாகப் போட்டதே நன்றாக இருந்தது, மேயர் யார் என்று வழியில் போகிறவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"எங்க வார்டு லேடீஸ் வார்டுங்கறாங்க. அப்போ ஆம்பளைங்க ஓட்டுப் போடக் கூடாதா?"

சிரிக்காதீர்கள், இதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பெண்கள் வார்டு என்றால் வேட்பாளர் பெண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டு எல்லோருக்கும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு, 2016-ல் கொண்டுவந்த சட்டம் அது. போஸ்டரில் அம்மணி படம் தீப்பெட்டி அளவும் வீட்டுக்காரர் படம் கதவு அளவும் இருந்தாலும், சட்டப்படி உங்கள் கவுன்சிலர் அந்த அம்மணிதான். ஜெயித்த பிறகு வேலை ஆக வேண்டுமென்றால் அவரையே பார்த்துக் கேளுங்கள்.

"பட்டனை அமுத்துனேன், கண்ணாடிக்குள்ள சீட்டே விழுகலீங்க. ஓட்டு விழுந்துச்சா இல்லையா?"

எம்எல்ஏ, எம்பி தேர்தலில் ஏழு விநாடி சின்னம் தெரியும் ஒரு பெட்டி இருக்குமே, 2022 உள்ளாட்சித் தேர்தலில் அது வைக்கப்படவில்லை. மெஷின் மட்டும்தான். சின்னத்துக்கு நேராக இருக்கும் நீலப் பொத்தானை அமுக்கினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, 'பீப்' என்று நீளமாகச் சத்தம் வரும். சத்தம் வந்தால் விழுந்தது. வராவிட்டால் அங்கேயே நின்று அலுவலரைக் கூப்பிடுங்கள், வெளியே வந்து என்னிடம் கேட்டுப் பயன் இல்லை.

"எங்க ஆத்தாவுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க. நான் கூடப் போயி அமுத்தலாமா?"

பார்வை தெரியாதவர், கை கால் முடியாதவர் தனக்குத் துணையாக 18 வயது தாண்டிய ஒருவரைக் கூட்டிப் போகலாம். அலுவலரிடம் சொல்லி, உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருவர் ஒரு ஆளுக்குத்தான் துணை போக முடியும், தெருவில் இருக்கும் பாட்டிகளையெல்லாம் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரே ஆள் அமுக்க முடியாது. சும்மா வயசானவர், கண் நன்றாகத் தெரிகிறது என்றால் துணை கிடையாது. ஆனால் வரிசையில் முன்னால் விடுவார்கள்.

"ஷிப்மெண்ட் இருக்குதுன்னு கம்பெனியில லீவு உட மாட்டேங்கறாங்க."

2022-ல் ஓட்டுப்பதிவு சனிக்கிழமை நடந்தது, தேர்தல் நடந்த பகுதிகளுக்கு அரசு பொது விடுமுறை அறிவித்தது. அப்படியும் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கண் எரிய வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை நேரம், கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த தடவை நேரம் எப்படி என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொழுதோடதான் வர முடியும் என்றாலும், முடியும் நேரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டால் போதும். கடைசியில் நிற்பவரிடமிருந்து ஆரம்பித்து முன்னால் வரை டோக்கன் கொடுத்துவிடுவார்கள், ராத்திரி ஆனாலும் டோக்கன் வைத்திருப்பவர் போடலாம்.

"யாருமே புடிக்கலீங்க. நோட்டா எங்க இருக்குது?"

2022-ல் உள்ளாட்சி மெஷினில் நோட்டா பொத்தான் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, ஓட்டுப் போட விருப்பமில்லை என்று அலுவலரிடம் சொல்லி அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியிருக்கும். நோட்டாவில் இருக்கும் ரகசியம் இதில் கிடையாது.

"நான் போறதுக்குள்ள எம்பேருல எவனோ போட்டுட்டுப் போயிட்டானுங்க!"

திரும்பி வராதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாள அட்டையைக் காட்டி டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள், ஆய்வுக்குரிய வாக்கு என்பது அதன் அரசாங்கப் பேர். மெஷினில் விடமாட்டார்கள், ஒரு வாக்குச் சீட்டு கொடுப்பார்கள், அதில் குறித்துக் கொடுத்தால் தனி உறையில் போட்டு வைப்பார்கள். "49பி" என்று சத்தம் போடாதீர்கள், அது சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் இந்த டெண்டர் ஓட்டுக்கான விதியின் எண். உள்ளாட்சிக்கு விதிப் புத்தகமே வேறு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டை எண்ணிக்கை நாளில் எண்ண மாட்டார்கள். யாராவது கோர்ட்டுக்குப் போனால்தான் அந்த உறைக்கு வேலை. ஆனால் வார்டுத் தேர்தலில் ஒற்றை இலக்கத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் நடக்கும், சமமாக வந்து குலுக்கல் போட்டதும் உண்டு. அங்கே ஒரு உறைகூடப் பெரிய விஷயம்.

"காசு வாங்கிட்டனுங்க. சாமி படத்து மேல சத்தியமும் வாங்கீட்டாங்க. இப்ப என்ன பண்றது?"

வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 173-ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. இது சட்டம். ஊரில் நடப்பது என்ன என்று எனக்கும் தெரியும், ஓட்டுக்குக் கொலுசு, ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள் என்று நம் பக்கத்துப் பேரே கெட்டுக் கிடக்கிறது. கேட்ட அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: குற்றத்துக்காக வாங்கிய சத்தியம் சாமி கணக்கில் ஏறாது, பயப்படாமல் உங்களுக்குத் தோன்றியவருக்குப் போடுங்கள். அவர் சமாதானம் ஆன மாதிரி தெரியவில்லை. தேங்காய் உடைத்துவிட்டுப் போய்ப் போட்டதாக அப்புறம் சொன்னார்.

"யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமாமா?"

தனி ஆளாக நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று தெரியாது. மெஷினில் பேர் பதிவாவதில்லை, ஓட்டு எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் எண்ணும்போது ஒவ்வொரு பூத் மெஷினையும் தனித்தனியாகத் திறப்பதால், அந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்பது மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுக்குத் தெரியும். "உங்க தெருவுல நமக்கு உழுகலையே" என்று மறுநாள் ஒருவர் கேட்டால், அது அந்தக் கணக்கை வைத்துப் போட்ட தூண்டில். முழிக்காமல் நின்றால் போதும்.

"கவுன்சிலரு செரியில்லைன்னா நடுவுல மாத்தலாமுங்களா? கோயமுத்தூர்ல மேயரையே மாத்துனாங்களே?"

ஓட்டுப் போட்டவர்கள் கூடித் திருப்பி அழைக்க வழி இல்லை. கவுன்சிலர் ராஜினாமா செய்தாலோ இறந்தாலோ அந்த வார்டுக்கு இடைத்தேர்தல் வரும், அப்போது நீங்கள் போடலாம். மேயர் கதை வேறு, ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். கோவையில் 2024 ஜூலையில் மேயர் கல்பனா ஆனந்தகுமார் ராஜினாமா செய்தார், ஆகஸ்டில் கவுன்சிலர்களே ரங்கநாயகியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் விரலிலும் மை படவில்லை.

"பேசாம நானே நிக்கலாமுன்னு இருக்கறேன். எங்கூட்டு ஓட்டே எட்டு இருக்குதுங்க!"

நில்லுங்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதே மாநகராட்சியின் பட்டியலில் பேர் இருக்க வேண்டும், வரி பாக்கி இருக்கக் கூடாது, வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2022-ல் டெபாசிட் மாநகராட்சிக்கு 4000 ரூபாய், நகராட்சிக்கு 2000, பேரூராட்சிக்கு 1000, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இதில் பாதி.

அந்த எட்டு ஓட்டு எந்த வார்டில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் பாருங்கள். வேறு வார்டில் இருந்துகொண்டும் நிற்கலாம், ஆனால் ஓட்டை உங்களோடு எடுத்துக்கொண்டு போக முடியாது. 2021 அக்டோபரில் கோவை பெரியநாயக்கன்பாளையம் ஒன்றியம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டு இடைத்தேர்தல் நடந்தது. அதில் நின்ற ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்து, வீட்டு ஆட்களே போடவில்லை என்று நாடு முழுக்கக் கேலி பேசினார்கள். அவர் ஓட்டும் குடும்பத்து ஓட்டும் இருந்தது பக்கத்தில் வேறொரு வார்டில். அந்த ஒரு ஓட்டைப் போட்ட புண்ணியவான் யாரென்றுதான் எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள ஆசை.